எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?
(ஆட்டிசம் உள்ள மாணவருக்குக் கல்லூரி தேர்ந்தெடுப்பது பற்றி)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே நம்ம தெருவில் நாமெல்லாம் பெரிய மனுஷன் ஆகிவிடுவோம். "தம்பி, உன் காலேஜ் எப்படிப்பா? எங்க பையனைச் சேர்க்கலாமா?" என்று கேட்காத மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. நாமும் பஸ் வசதி, கேம்பஸ் இன்டர்வியூ, கேன்டீன் பஜ்ஜி என்று ஏதாவது சொல்லி அனுப்பி வைப்போம். அந்தப் பையனோ பெண்ணோ ஆட்டிசம் உள்ளவராக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

இனிமேல் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இடம் பெறவில்லை. 2016-இல் வந்த புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவச் சான்று இருக்க வேண்டும். ஆக, சீட் கிடைக்க வழி பிறந்துவிட்டது. கிடைத்த சீட்டில் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர் உட்கார முடியுமா என்பதுதான் பெரிய விஷயம்.

ஆட்டிசம் என்பது தொற்று நோயும் அல்ல, பெற்றோர் வளர்ப்பில் வந்த கோளாறும் அல்ல. மூளை வளர்ச்சியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது தனியாக விவரிக்கப்பட்டது. ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு இருக்காது. சிலருக்குப் பேச்சே வராது. சிலர் மணிக்கணக்கில் ரயில் எஞ்சின் பற்றிப் பேசுவார்கள். பொதுவாகச் சொன்னால், மற்றவர் மனதில் உள்ளதை முகம் பார்த்துப் புரிந்துகொள்வது இவர்களுக்குக் கஷ்டம். பழகிய ஒழுங்கு திடீரென்று மாறினால் தாங்காது. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் இவை நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கூடுதலாகவோ குறைவாகவோ தெரியும். பாலிடெக்னிக் வரை வருகிற மாணவருக்குக் கணக்கு வராமல் போவதில்லை. காலை 9 மணிக்கு அடிக்கிற பெல்தான் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறது.

அதனால் காலேஜ் பார்க்கப் போகிறவர்கள் அட்மிஷன் நாளில் போகக் கூடாது என்பேன். அன்றைக்கு எல்லாக் காலேஜும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, இன்டர்வெல் விடுகிற நேரத்தில் போங்கள். பெல் எப்படி அடிக்கிறது, படிக்கட்டில் எத்தனை பேர் இடித்துக்கொண்டு இறங்குகிறார்கள், லைப்ரரி மதிய வேளையில் திறந்திருக்கிறதா, கால் மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் உட்கார ஓர் இடம் உண்டா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தக் கால் மணி நேரம் கிடைத்தால் மதிய வகுப்புக்கு வருவார், கிடைக்காவிட்டால் பஸ் ஏறிவிடுவார். "நாங்க ராம்ப் கட்டியிருக்கோம் சார்" என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் வருகிற நண்பருக்கு அது அவசியம்தான். நம்ம ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து டைம்டேபிள். "இன்னிக்கு சார் லீவு, ரெண்டு பேட்சும் லேபுக்கு வாங்கடா" என்று யாராவது வாசலில் நின்று கத்தினால் நமக்கு ஜாலி. ஆட்டிசம் உள்ள மாணவருக்குக் காலடித் தரையே நகர்ந்த மாதிரி. டைம்டேபிளை மாற்றாமல் நடத்துகிற காலேஜ் உலகத்திலேயே கிடையாது என்பது நமக்கும் தெரியும். மாற்றத்தை முதல் நாளே நோட்டீஸ் போர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டால் போதும்.

எந்தப் பிரிவு என்பதைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் பரவியிருக்கிறது. ஆட்டிசம் என்றாலே கம்ப்யூட்டர்தான் என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. மெக்கானிக்கலில் ஃபிட்டிங் ஷாப் சுத்தியல் சத்தமும் வெல்டிங் வெளிச்சமும் இருக்கும், உண்மைதான். ஆனால் ஒரே சீராக ஓடுகிற லேத் சத்தம் சிலருக்குப் பிடித்தே போகும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அவர்களை வதைக்கும். சிவிலில் சர்வே என்றால் வெயிலில் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒருத்தர் ஸ்டாஃப் பிடிக்க, ஒருத்தர் ரீடிங் சொல்ல, ஒருத்தர் எழுத வேண்டும். பேச்சும் கூச்சலும் அதிகம். எலக்ட்ரானிக்ஸ் லேபில் சத்தம் குறைவு, சால்டரிங் புகை நெடி உண்டு. கம்ப்யூட்டர் லேபிலும் சிலருக்கு டியூப் லைட் ரீங்காரம் தலைவலி கொடுக்கும். மாணவரையே ஒரு மணி நேரம் அந்த லேபில் நிற்க வைத்துப் பார்ப்பதைவிட வேறு பரிசோதனை கிடையாது.

பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியையும் சிலர் கேட்பார்கள். ஒரு வருஷம் மிச்சம்தான். ஆனால் ஏற்கெனவே கூட்டாளி சேர்ந்து முடித்த வகுப்பில் புது ஆளாக நுழைய வேண்டியிருக்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அம்மையாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1947-இல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், குழந்தைப் பருவத்தில் வெகு நாள் பேச்சு வராதவர். பின்னாளில் கால்நடைகளை மிரளாமல் நடத்திச் செல்லும் பாதைகளை டிசைன் செய்து பெயர் பெற்றார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் ஆனார். அவர் பட்டப் படிப்புக்குப் போனது பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு அல்ல. தாம் பள்ளியில் படித்த ரிண்ட்ஜ் என்ற சிற்றூரிலேயே இருந்த, 1962-இல் தொடங்கிய ஃபிராங்க்ளின் பியர்ஸ் என்ற சிறிய கல்லூரிக்குத்தான். மேற்படிப்புக்கு வெளி மாநிலங்களுக்குப் போனது அதன் பிறகே. நம்ம ஊரில் ரேங்க் பட்டியல் பார்த்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் போடத் துடிக்கிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எட்டுப் பேர் படுக்கிற ஹாஸ்டல் அறை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததா?

பரீட்சை விஷயம் தனியாக விசாரிக்க வேண்டியது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறை, உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரவேண்டும் என்றது. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்! அது தானாக வந்து மடியில் விழாது; சான்றை வைத்து முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். "இதுவரை உங்க காலேஜில் யாருக்காவது வாங்கிக் கொடுத்திருக்கீங்களா?" என்று ஆபீஸில் நேராகக் கேளுங்கள். அந்த பாரத்தை ஒரு தடவை பூர்த்தி செய்து அனுப்பிய கிளார்க் அங்கே இருந்தால், ஏ.சி. செமினார் ஹாலைவிட அவர் பெரிய வசதி.

எழுத்துத் தேர்வைவிட வைவாதான் கண்டம். எக்ஸ்டெர்னல் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பதில் சொன்னால் "என்ன திமிரு" என்று நினைத்துவிடுகிறார்கள். "டிரான்ஸ்ஃபார்மர் பத்திச் சொல்லு" என்று மொட்டையாகக் கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவர் திகைத்து நிற்பார். "டிரான்ஸ்ஃபார்மர் கோரை ஏன் மெல்லிய தகடுகளாக அடுக்குகிறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். எடி கரண்ட் நஷ்டத்தைக் குறைக்க என்று பட்டென்று வரும். பாடம் ஒன்றுதான், கேள்வி கேட்கிற விதம்தான் வேறு. இதை எக்ஸ்டெர்னலிடம் முன்பே சொல்லி வைக்கிற ஹெச்.ஓ.டி. இருக்கிறாரா என்பதைக் காலேஜ் பிராஸ்பெக்டஸ் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ராகிங் பற்றியும் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் "சும்மா விளையாட்டுக்குடா" என்கிற சங்கதி எங்கேயும் முழுசாக ஒழிந்ததாகச் சொல்ல முடியாது. விளையாட்டு எது, மிரட்டல் எது என்று பிரித்தறிவது ஆட்டிசம் உள்ளவருக்குச் சிரமம். "பிரின்சிபால் ரூமுக்குப் போய் ஒரு பாட்டு பாடு" என்றால் நிஜமாகவே போய்ப் பாடுவார். நாலு பேர் சிரிப்பார்கள். அவர் மறுநாள் வரமாட்டார். உங்கள் காலேஜில் அப்படி நடக்குமா, நடந்தால் தடுக்க ஆள் உண்டா? கேட்டு வருகிற குடும்பத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம்ம காலேஜ் பெயர் கெடுமே என்று பார்க்க வேண்டாம்.

தனக்கு ஆட்டிசம் என்று வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது அந்த மாணவரின் முடிவு. வகுப்பு ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. அதுவும் அவரைக் கேட்டுத்தான்.

இடம் முடிவானதும், காலேஜ் திறக்கும் முன்பே இரண்டு மூன்று முறை வீட்டிலிருந்து அதே பஸ்ஸில் அதே நேரத்துக்குப் போய் வரச் சொல்லுங்கள். கேட், வகுப்பறை, பாத்ரூம், லைப்ரரி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பழகலாம். கூடவே ஒரு சீனியர் போனால் இன்னும் நல்லது. லீவு நாளில் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், ஐ.டி. கார்டு காட்டி அழைத்துப் போக நாம் ஒருத்தர் வேண்டும்.