கால் உளைவும் காந்தப் பட்டியும்



உணவகங்களில் நாள் முழுவதும் நின்று வேலை செய்து, கால் உளைகிறது, விறைக்கிறது என்போர் எம்மிடையே பலர். காந்தப் பட்டி கட்டினால் இரத்தம் நன்றாக ஓடும் என்று கேள்விப்பட்டு வாங்குவோரும் உண்டு. இதில் உண்மை எவ்வளவு?

இரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுக்கும் என்பார்கள். ஆனால் அது ஆணியிலுள்ள இரும்பு போன்றதன்று. ஒட்சிசன் ஏந்திய இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. மிக மிக மெல்லத் தள்ளுகிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பட்டியிலுள்ளதைவிடப் பன்மடங்கு வலியது. அதனுள் படுத்தவரின் இரத்தமும் ஒரு பக்கம் திரள்வதில்லை.

நாம் வாழும் இந்தப் பாரிஸிலேயே இப்படியொரு சோதனை 1784இல் நடந்தது. வியன்னாவில் காந்தங்களால் வைத்தியம் செய்த மெஸ்மர், 1778இல் இங்கு வந்தார். காந்தக் கட்டி வேண்டாம், உடலிலிருந்தே காந்த சக்தி பாயும் என்றார். பதினாறாம் லூயி மன்னர் நியமித்த குழுவில் பிராங்கிளினும் லவோசியேயும் இருந்தனர். பஸ்ஸியில் பிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில், மெஸ்மரின் மாணவர் ஒரு மரத்துக்கு மட்டும் சக்தி ஏற்றினார். கண் கட்டப்பட்ட சிறுவன் வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான்! வேலை செய்தது மனக் கற்பனையே என்றது குழு. உண்மைக் காந்தத்தையும் போலியையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோதும், பொதுவாக வலி குறையும் என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை.

நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? நாடி ஒடுங்கியிருக்கலாம். வைத்தியர் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து இதை அறிவார். சிகரெட்டை விடுவதும், சலரோகத்தைக் கட்டுப்படுத்துவதும், நடையுமே மருந்து. கார் து நோரிலிருந்து லா சப்பல் வரை எங்கள் தெருவிலேயே நடக்கலாம். நோவு வந்தால் நின்று ஆறி, மீண்டும் நடவுங்கள்.

நினைவில் வைக்க:

1. பட்டி கட்டினாலும் குளிசையை நிறுத்தாதீர்கள்.

2. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் காந்தம் அணிய வேண்டாம்.

3. சலரோகம் உள்ளவர்கள் பட்டியை இறுக்க வேண்டாம். கோயிலில் வெறுங்காலுடன் நடந்தபின் பாதத்தில் காயம் உண்டா என்று பாருங்கள்.

4. கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, கடுமையாக நொந்தால் உடனே 15ஐ அழையுங்கள்.