ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போ

அன்பு மருமகளுக்கு,

பாளையங்கோட்டை புத்தகத் திருவிழாவுக்கு உங்கள் கல்லூரியிலிருந்து போகிறவர்களில் நீயும் ஒருத்தி என்று உன் அப்பா போனில் சொன்னான். காலையில் சிறுகதைப் பட்டறை, மதியம் எழுத்தாளர் சந்திப்பு, சாயங்காலம் மேடைப் பேச்சு என்று நாள் முழுக்க நிகழ்ச்சி இருக்கிறதாமே. உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி நழுவிப் போகும் என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் உனக்கு அதிகம் பயன்படப்போவது பட்டறைதான். அதற்கு வெறுங்கையோடு போகாதே. நீயே எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போ. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு காலத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படியொரு நாள் வாய்ப்பது அரிது. சென்னையில் 1977-இல் புத்தகக் காட்சி தொடங்கியது. நெய்வேலியில், ஈரோட்டில், மதுரையில் அது வேர்விடப் பல வருடங்கள் ஆயின. 2005-இல் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கிய திருவிழா, பள்ளிப் பிள்ளைகளின் கையில் உண்டியலைக் கொடுத்து, புத்தகம் வாங்கவென்றே காசு சேர்க்கப் பழக்கியது. அரசாங்கம் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த முனைந்தது 2022-இல். அதே வருடம் நவம்பரில்தான் ஆறுகளின் பெயர் தாங்கிய இலக்கியத் திருவிழாக்களில் முதலாவதாகப் பொருநை இலக்கியத் திருவிழா திருநெல்வேலியில் நடந்தது. இப்போது கோவில்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக்கு ஓர் எழுத்தாளரின் எதிரில் உட்கார முடிகிறது. இந்த வசதியின் அருமை தெரிந்து அதைப் பயன்படுத்து.

மேடையைப் பற்றிச் சொல்கிறேன். நாம் பேச்சைக் கேட்டே வளர்ந்த சனங்கள். கோயில் முற்றத்துக் கதாகாலட்சேபம், 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இலக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மேடைதான். அந்த மரபின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நீயும் உட்கார்ந்து கேள்.

ஆனால் நல்ல பேச்சு ஒன்று செய்துவிடும். ஒரு நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் உருக உருகப் பேசினால், அந்த நாவலையே படித்து முடித்துவிட்ட நிறைவு நமக்கு வந்துவிடும். படிக்கிற உழைப்பைப் பேச்சாளர் செய்துவிட்டார், பலனை நாம் சுகமாக வாங்கிக்கொண்டோம். கை தட்டி எழுந்து வந்துவிட்டால் அந்தப் புத்தகம் அரங்கிலேயே கிடக்கும். அந்த நிறைவை நம்பாதே தாயி. பேச்சு உன்னை ஒரு புத்தகத்தின் வாசல் வரைக்கும் கூட்டிப்போகும். உள்ளே நீதான் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நன்றாகப் பேசுகிறவர் எல்லாரும் நன்றாக எழுதுகிறவர் இல்லை. நம்மிடையே உள்ள மிகச் சிறந்த எழுத்தாளர்கள் சிலர் மைக்கைப் பிடித்தால் தடுமாறுவார்கள், குறிப்பைப் பார்த்து வாசிப்பார்கள், பாதியில் முடித்துக்கொள்வார்கள். அதை வைத்து அவர்களின் எழுத்தை எடை போட்டுவிடாதே. அவர்கள் எழுதிய இரண்டு பக்கத்தை அரங்கில் நின்றபடியே படித்துப் பார்த்து முடிவு செய்.

இனி பட்டறை. போகுமுன் ஒரு பக்கம் எழுது. கதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வந்த உன் பாட்டியின் ஒரு நாளைப் பற்றி எழுது. கரிசல்காட்டில் மழை தவறிய ஒரு ஐப்பசியைப் பற்றி எழுது. கடலைமிட்டாய்க் கடையில் சம்பளம் போடுகிற சனிக்கிழமையைப் பற்றி எழுது. உனக்கு நேரில் தெரிந்ததாக இருக்கட்டும். ஓரத்தில் நிறைய இடம் விட்டு, வரிகளைத் தள்ளித் தள்ளி எழுது. திருத்த இடம் வேண்டும். எழுதியதை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படி. நாக்கு இடறுகிற இடத்தில் வாக்கியமும் இடறுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொள்.

பட்டறையில் யாராவது வாசிக்கிறீர்களா என்று கேட்கும்போது எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். நீ கையைத் தூக்கு. முன்னுரை வேண்டாம். “சும்மா எழுதிப் பார்த்தேன், நல்லா இருக்காது” என்று சொல்லி ஆரம்பிக்காதே. கேட்கிறவர்களின் காதை நீயே பாதி மூடிவிடுகிற பேச்சு அது. நிதானமாக வாசி. வாசிக்கும்போதே அறையைக் கவனி. எந்த வரியில் நாற்காலிகள் நகர்கின்றன, எந்த வரியில் எல்லாரும் அசையாமல் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரிந்துவிடும். வாத்தியார் சொல்லாத பாடம் அது.

வாசித்த பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். அப்போது நீ பேசாதே. “நான் என்ன சொல்ல வந்தேன்னா” என்று விளக்கத் தொடங்காதே. நாளைக்கு உன் கதை அச்சாகி யாரோ ஒருவர் கையில் இருக்கும்போது, பக்கத்தில் நின்று விளக்க நீ இருக்க மாட்டாய். தாளில் இருப்பது மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேரும். அவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டாம். ஒருத்தர் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம், காட்டும் இடம் அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

மற்றவர்கள் வாசிக்கும்போது நீயும் அதே அக்கறையோடு கேள். “சூப்பர்” என்பதால் யாருக்கும் உதவி இல்லை. எந்த வரி உனக்குக் கண்ணில் தெரிந்தது, எந்த இடத்தில் வழி தவறியது என்று சொல். இன்னொருத்தர் எழுத்தை இப்படிக் கேட்கப் பழகினால்தான் உன் எழுத்தையும் வேறு ஆள் மாதிரி படிக்க வரும்.

மதியச் சந்திப்பில் கேள்வி கேட்பாய் அல்லவா? அவருடைய ஒரு புத்தகத்தையாவது படித்துவிட்டுப் போ. கிளை நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். “உங்களுக்கு எழுத்து எப்படி வருகிறது?” என்று கேட்டால் அவர் எல்லா ஊரிலும் சொன்ன பதிலையே சொல்வார். “இந்தக் கதையில் அந்த அம்மா கடைசிவரை வாய் திறக்கவே இல்லையே, முதலில் எழுதியபோதும் அப்படித்தானா?” என்று கேட்டுப் பார். அவர் நிமிர்ந்து உட்காருவார். எதை எழுதினார், எதை அடித்தார், ஏன் அடித்தார் என்று பேசத் தொடங்குவார். தொழில் கற்கிற இடம் அதுதான்.

புத்தகம் வாங்க அப்பா கொடுக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒரு பாதி, அன்றைக்கு நீ நேரில் பார்த்த எழுத்தாளருக்கு. மறு பாதி, எந்த மேடைக்கும் வர முடியாதவர்களுக்கு. திருவிழா என்றால் உயிரோடு இருப்பவர்களின் குரல்தான் ஒலிக்கும். புதுமைப்பித்தன் 1948-இலேயே போய்விட்டார். கு. அழகிரிசாமி 1970-இல் போனார். அந்த வருடத்துச் சாகித்திய அகாதெமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இவர்கள் இரண்டு பேரின் கதைகளும் முழுத் தொகுப்பாகவே கிடைக்கின்றன. பத்து சதவீதம் கழிவும் உண்டு. ‘அன்பளிப்பு’ கதையை அவசியம் படி. புத்தகத்துக்கும் அன்புக்கும் ஏங்கும் பிள்ளைகளைப் பற்றி அதைவிட நுட்பமான கதையை நான் படித்ததில்லை.

அழகிரிசாமியைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ பாளையங்கோட்டைக்குப் போகிற வழியில், கோவில்பட்டி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வருகிறது இடைசெவல். அந்தச் சின்ன ஊரில் 1923-இல் பிறந்த இரண்டு பேர் கூட்டாளிகளாக வளர்ந்தார்கள். ஒருவர் அழகிரிசாமி. மற்றவர் கி. ராஜநாராயணன். கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயி. அவருக்கும் 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக அதே விருது கிடைத்தது. ஒரே கிராமத்திலிருந்து இருவர்! புத்தகத் திருவிழா கிடையாது, பட்டறை கிடையாது. இவர் படித்ததை அவருக்குச் சொல்ல, அவர் எழுதியதை இவர் படிக்க, சங்கீதமும் இலக்கியமுமாக இரண்டு பேரே ஒரு பட்டறையாக இருந்தார்கள். அழகிரிசாமி வேலைக்கு வெளியூர் போன பிறகு கடிதங்களில் அது தொடர்ந்தது. 1950-களில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்காக மலேயா போனவர், அங்கேயும் எழுத வந்த இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். இடைசெவலில் இரண்டு பேர் செய்துவந்ததைக் கடல் தாண்டிப் போயும் அவர் விடவில்லை.

உன் ஊர் கோவில்பட்டியும் அப்படித்தான். கவிஞர் தேவதச்சனோடு மணிக்கணக்கில் நின்று பேசிய இளைஞர்கள், கையெழுத்துப் பிரதிகளை மாற்றி மாற்றிப் படித்தவர்கள், பின்னாளில் தமிழின் குறிப்பிடத்தக்க எழுத்தாளர்கள் ஆனார்கள். பூமணிக்கு ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக 2014-இலும், சோ. தர்மனுக்கு ‘சூல்’ நாவலுக்காக 2019-இலும் சாகித்திய அகாதெமி விருது வந்தது. இருவரும் உன் பக்கத்துக் கரிசல் மண்ணைச் சேர்ந்தவர்கள். குற்றாலத்தில் கலாப்ரியா கூட்டிய கவிதைப் பட்டறைகளும், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் நடந்த ‘காகங்கள்’ கூட்டங்களும் இதே வழியில் வந்தவைதான். ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்டு, உண்மையைச் சொல்கிற இடம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் எழுத்து வளர்ந்திருக்கிறது.

அதனால் திருவிழாவிலிருந்து நீ கொண்டுவர வேண்டியது புத்தகப் பை மட்டும் இல்லை. பட்டறையில் உன்னைப் போலவே ஒரு பக்கத்தோடு வந்திருக்கும் இரண்டு மூன்று பேரைப் பார்த்துவை. எட்டயபுரமோ கழுகுமலையோ சங்கரன்கோவிலோ, பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம், வாய்விட்டு வாசிப்பு, பிறகு பேச்சு. தலைவர், செயலாளர், பேனர் எதுவும் வேண்டாம். திருவிழா பந்தலைப் பத்துப் பன்னிரண்டு நாளில் பிரித்துவிடுவார்கள். அரசாங்கமும் பதிப்பாளர்களும் செய்யக்கூடியது அந்தப் பத்து நாளைத்தான். மிச்சமுள்ள வருடத்தை உங்களைப் போன்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

எழுத்தாளராகியே தீர வேண்டும் என்று உன்னை நான் சொல்லவில்லை. நீ நர்ஸாகலாம், வக்கீலாகலாம், பாங்கு வேலைக்குப் போகலாம். நீ கண்டதை ஒரு பக்கத்தில் நேர்மையாக எழுதி, அடுத்தவர் முன் வாசித்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பெண்ணாக இரு. எந்த வேலையிலும் அந்தப் பழக்கம் உன்னைக் கைவிடாது.

போய்வந்த மறுநாளே அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுது. தள்ளிப்போட்டால் கேட்டதெல்லாம் கலைந்துவிடும். பழைய பக்கம், திருத்திய பக்கம் இரண்டையும் தபாலில் எனக்கு அனுப்பு. படித்துவிட்டு, தோன்றுவதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்புடன்,
அத்தை