வெட்டும் முன் செடியைப் பாருங்கள்

நீண்ட காலம் ஆட்புழக்கமின்றிக் கிடந்த காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலிற் கையில் எடுப்பது கத்தியும் மண்வெட்டியுமே. 1987 இல் வல்வெட்டித்துறையிலிருந்தும், 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் வெளியேறிய மக்கள் இதை நன்கு அறிவர். காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டபோது, வீடு நின்ற இடத்தைக்கூடப் பற்றை மூடியிருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எரித்து, வெறுந்தரையிலிருந்து தொடங்க மனம் அவசரப்படும். கரையோரக் காணியில் அந்த அவசரம் நட்டத்தையே தரும். (கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத பற்றைக்குள் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். இங்கு நாம் சொல்வன அதற்குப் பிந்திய வேலைகள்.)

செடிக்குக் கால் இல்லை. உப்புக்காற்று வந்தாலும் ஆடு வந்தாலும் அது நின்ற இடத்திலேயே நின்று தன்னைக் காக்க வேண்டும். முள்ளும் பாலும் மெழுகும் நஞ்சும் அதற்காகவே. ஆகவே ஒரு செடியைக் கண்டதும், "இது யாரிடமிருந்து தன்னைக் காக்கிறது? அந்தக் காவலால் எமது நிலத்துக்கு நன்மையா தீமையா?" என்று கேட்டுப் பார்ப்போம்.

தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை ஊடாகப் பொலிகண்டி வரை எமது கரை வடக்கே பார்த்துக் கிடக்கிறது. வாடைக்காற்று உப்புத்தூவலை நேரே காணிக்குள் கொண்டுவருகிறது. மணல் உள்ள இடங்களில் இதை முதலில் எதிர்ப்பது அடம்பன் கொடி. அதன் இலை தடிப்பானது, ஆட்டுக்குளம்பு போலப் பிளந்தது. கொடி முப்பது அடிக்கு மேலும் ஓடும். ஓடும் வழியில் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறக்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றைய கணுக்கள் பிடியை விடா. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழி மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. சொல்பவர்களில் எத்தனை பேர் அக்கொடியைக் குனிந்து பார்த்திருப்பார்களோ! அதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தும் முளைக்கும். அதனாலேயே உலகின் வெப்பவலயக் கரைகள் பலவற்றிலும் அது காணப்படுகிறது.

அதன் தோழன் இராவணன் மீசை. இப்புல்லின் இலைநுனி ஊசி போலக் குத்துவதால் ஆடுமாடு நெருங்காது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் உருண்டையான காய்த்தலை முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மீது உருண்டோடி விதை சிந்தும். குத்துகிறதே என்று இதைப் பிடுங்கினால் மணல் நடக்கத் தொடங்கும். மணல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மணற்காட்டில் மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவிலே சாட்சி. எனவே காணியின் கடற்பக்க ஓரத்தில் இவ்விரண்டையும் தொடாதீர்கள்.

சில செடிகள் கிணற்றின் நிலையையும் சொல்லும். எமது சுண்ணக்கல்லில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உவர் காலப்போக்கில் நாற்பதடி ஏறும். தோட்ட ஓரத்தில் உமரி தலைகாட்டினால் மண்ணில் உப்பு ஏறிவிட்டதென்று அறியலாம். உமரி உப்பைத் தன் சதைப்பற்றான இலையில் நீரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அந்த வித்தை தெரியாது. கடனீரேரிக் கரையில் நிற்கும் கண்ணா மரம் உப்பை இலைவழியே வெளியேற்றும். இலையை நாவில் வைத்தால் கரிக்கும். சேற்றில் காற்றில்லாததால் அதன் வேர்கள் ஈட்டிபோல மேலே எழுந்து மூச்செடுக்கின்றன.

எருக்கலையை நாம் இகழ்வதே வழக்கம். இலையின் வெண்பூச்சு நீரிழப்பைக் குறைக்கிறது. அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆயினும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் மயிர்க்கொட்டி அதையே தின்று, நஞ்சைத் தன் உடலிற் சேர்த்து, பறவைகளிடமிருந்து தப்பிக்கொள்கிறது. பூக்குமுன் வெட்டித் தாழ்த்தினால் எருக்கலை நல்ல பசளை. பால் மட்டும் கண்ணிற் படக்கூடாது, பார்வையைக் கெடுக்கும். பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவி வைத்தியரிடம் செல்லுங்கள்.

சதுரக்கள்ளியும் நாகதாளியும் பார்வைக்கு உறவினர் போலிருந்தாலும் வேறு குடும்பங்கள். கள்ளி எமது மண்ணுக்குரியது, நாகதாளி அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டும் இலைவாய்களை இரவிலே திறப்பதால் பகல் வெயிலில் நீரை இழப்பதில்லை. நாகதாளியின் முள் மாட்டைத் தடுத்தது. ஆனால் 1920களில் இலங்கைக்கும், பின் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு செதிற்பூச்சியை அந்த முள்ளால் தடுக்க முடியவில்லை. பெரும் பரப்புகளில் நாகதாளி அழிந்தது அப்பூச்சியால்தான்.

இனி, இரக்கமின்றி அகற்ற வேண்டியது பார்த்தீனியம். இதுவும் அமெரிக்க வெப்பவலயச் செடியே. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987 இல் வந்த இந்தியப் படைக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பின்னர் குடாநாட்டுத் தோட்டங்களிலும் பரவியது. இதன் காவல் அயலவரையும் அழிக்கும் காவல்: வேரும் இலையும் விடும் இரசாயனம் பக்கத்துப் பயிரை முளைக்கவிடாது. தோலிற் பட்டால் கடி, மகரந்தத்தால் இழுப்பு, மாடு தின்றால் பாலிற் கசப்பு. கரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் அடையாளம். ஒரு செடி பல்லாயிரம் விதை தரும்.

ஆகவே பூக்குமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறையணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, வேரோடு பிடுங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் சிறுவர்களையும் இவ்வேலையில் விடவேண்டாம். பூத்த செடியைக் கூட்டெருவில் சேர்க்காமல் குழியிலிட்டு எரியுங்கள். பார்த்தீனியம் நிற்கும் இடத்திலிருந்து எருவோ மண்ணோ ஏற்றுவிக்காதீர்கள். பிடுங்கிய தரையை வெறுமையாக விடாது உடனே சணல் அல்லது பயறு விதையுங்கள். மண்ணிற் கிடக்கும் விதை சில ஆண்டுகளுக்கு முளைதிறனை இழப்பதில்லை. அடுத்த மாரியிலும் அதற்கடுத்த மாரியிலும் அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.