இராமேசுவரக் கரையும் வெள்ளித்திரையும்

கேள்வி: அண்மைக்காலப் படங்களில் எங்கள் கரையைப் பற்றித் தங்கள் மனத்தைத் தொட்டது எது? (வாசகி, பாம்பன்)

பதில்: 2025 மே மாதம் வெளிவந்த அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையின் பொருளாதார நெருக்கடியினால் வீடு வாசலைத் துறந்து படகேறிய ஒரு குடும்பம், இராமேசுவரக் கரையில் கால் வைத்த மாத்திரத்திலேயே போலீசாரிடம் சிக்கி, பின் அவர்களது கருணையினாலேயே விடுபடும் அந்த ஆரம்பக் காட்சியில், அச்சமும் ஹாஸ்யமும் ஒன்றையொன்று கெடுக்காமல் இயைந்திருப்பது அபூர்வமான சாதனை என்றே சொல்வேன். ஆயினும் கதை உடனே சென்னைக்கு விரைந்துவிடுகிறது. 2022 முதல் அரிச்சல்முனையின் மணல்திட்டுகளில் குழந்தை குட்டிகளோடு இறக்கிவிடப்பட்டு, வெயிலில் காத்துக் கிடந்து, மண்டபம் அகதிகள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்களை நேரில் கண்ட தங்கள் ஊராருக்கு அது பெருங்குறையாகத் தோன்றுவது நியாயமே.

2002-இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், இராமேசுவரம் முகாமில் ஓர் அகதிப் பெண் பெற்ற சிசுவைத் தத்தெடுத்து வளர்க்கும் தாயாக நடித்த சிம்ரனே, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் அதே கடலைக் கடந்து வரும் தாயாகவும் நடித்திருப்பதை எண்ணுகையில் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

தொலைக்காட்சித் தொடர்களில் அத்தகைய தாய்மார்களை நான் கண்டதில்லை. மண்டபம் முகாமின் அன்றாட ஜீவனத்தையே முழுக்கதையாக்க நம் இயக்குநர்களில் ஒருவரேனும் முன்வர வேண்டும்.