எஞ்சின் இல்லாத வண்டிக்கு எதற்கு ரேடியேட்டர்?

அன்புள்ள கதிரவனுக்கு,

வத்தல்மலைக்கு வந்த மின்சாரக் காரின் பானெட்டுக்குள் ரேடியேட்டரும் கூலன்ட் டப்பாவும் இருந்ததைப் பார்த்து, எஞ்சினே இல்லாத வண்டிக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

பேட்டரி தருவது நேர் மின்சாரம். மோட்டார் கேட்பதோ, உங்கள் கிணற்று மோட்டாருக்கு வருவது போன்ற மும்முனை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக்குவது இன்வெர்ட்டர். அதிலுள்ள சிறு சில்லுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வேலை செய்கின்றன. அந்த மின்சாரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வெப்பமாகப் போகிறது என்று வை. 100 கிலோவாட்டில் ஓடினால் 3 கிலோவாட் வெப்பம், அதுவும் உள்ளங்கை அளவு இடத்தில்! சில்லுகளோ 150, மிஞ்சினால் 175 டிகிரிதான் தாங்கும். ஒரே கொள்ளளவில் காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சில்லுகளுக்கு அடியில் அலுமினியத் தட்டு, அதை ஒட்டித் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த கூலன்ட், அதை ஓட்ட ஒரு மின்பம்பு. கூலன்ட் வாங்கி வந்த சூட்டைக் காற்றில் விடத்தான் நீ பார்த்த ரேடியேட்டர். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சக்தி குறைவு, பெரும்பாலும் காற்றே போதும்.

மலைக்கு வருவோம். ஒன்றரை டன் காரை 600 மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் இரண்டரை யூனிட்தான், நீயே கணக்குப் போட்டுப் பார். மலை ஏறினால் சார்ஜ் மொத்தமும் தீர்ந்துவிடும் என்பது டீக்கடைப் பேச்சு. உண்மையான சோதனை இன்வெர்ட்டருக்குத்தான். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைவு, இழுவை அதிகம். இழுவை கூடினால் மின்னோட்டம் கூடும், சில்லைச் சுட வைப்பது அதுதான். எதிரே பஸ் வருகிறதென்று ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே ஏற்றத்தில் நிற்பது இன்னும் மோசம். மோட்டார் சுழலாததால், எல்லாச் சில்லுகளும் மாறி மாறிச் சுமக்க வேண்டியது ஒன்றிரண்டின் தலையிலேயே விழும். சூடு மிஞ்சினால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் அதைப் பழுது என்று திட்டுவார், பாவம் வண்டி.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்ற விடாதே. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரின் புளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வண்டிக்கு எதிரி வேறு, கடின நீரின் சுண்ணாம்பு. அது படிந்தால் குறுகிய வழிகள் அடைபடும். நிறுவனம் சொன்ன கூலன்ட்டையே ஊற்றச் சொல்.

ஆரஞ்சு நிறக் கேபிள்களில் மட்டும் கை வைக்காதே, அவற்றில் இருப்பது நூற்றுக்கணக்கான வோல்ட். ஏற்றத்தில் நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை மிதிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா