பச்சைத் தண்ணீரில் சால்மன்

வேல்ஸில் பிளின்லிமன் மலையில் பிறந்து, ஹெர்ஃபர்ட் வழியாக ஓடி, செப்ஸ்டோ அருகே செவர்ன் கழிமுகத்தில் கலக்கிறது வை நதி. 1923-இல் டோரீன் டேவி என்ற பெண் இங்கே பிடித்த சால்மன் 59½ பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 27 கிலோ. அந்தக் கதையைக் கேட்டுத்தான் இன்றும் பலர் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கோடையில் வந்தால், படித்துறை தெரியாத கோயில் குளம் மாதிரி பச்சையாக ஓடும் தண்ணீர்தான் வரவேற்கும்.

காரணம் ஊரறிந்தது. நதிப் படுகையில் சுமார் 2 கோடி கோழிகள் வளர்வதாகச் சொல்கிறார்கள். அவற்றின் எரு வயலுக்குப் போகிறது. மழை பெய்தால் பாஸ்பேட் ஆற்றுக்கு வருகிறது. கழிவுநீர் நிலையங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வெயிலும் குறைந்த நீரோட்டமும் சேர்ந்துவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம்.

சால்மனுக்கு விடியற்காலைதான் நல்ல நேரம், தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நல்ல ஆற்றில் அது சரி. பாசி பெருகிய ஆற்றில் கணக்கு மாறுகிறது: பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்கிறது, விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவதில்லை, நிறத்தையும் பார்க்கிறேன். 18 டிகிரியைத் தாண்டினால் யோசிப்பேன். 20 என்றால் கம்பு காரிலேயே இருக்கும்.

இறங்குவதற்கு முன் முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அடியில் தட்டையான பூச்சிப் புழுக்கள் ஓடினால், மணலை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் இருந்தால், அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. கையில் பழுப்பு வழவழப்பு மட்டும் ஒட்டினால் வேறு இடம் தேடுவேன். வெள்ளைப் பூ பூக்கும் ரனன்குலஸ் செடி முன்பு பாய் விரித்த பகுதிகள் பல இன்று மொட்டையாகக் கிடக்கின்றன. சால்மன் குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்தது அந்தச் செடிக்குள்தான்.

மழை பெய்து வெள்ளம் வந்ததும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். முதல் தண்ணீர் வயல் அழுக்கோடு வரும். மட்டம் இறங்கி, காலடிக் கற்கள் மெல்லத் தெரியத் தொடங்கும் நேரமே நேரம். ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை எடுப்பதில்லை. எரிச்சலிலோ பழக்கத்திலோதான் செயற்கைப் பூச்சியான ஃப்ளையைக் கவ்வுகிறது. அதனால் கலங்கிய நீரில் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த காஸ்கேட், அல்லிஸ் ஷ்ரிம்ப் போன்றவையே என் தேர்வு. பாசி இழை சுற்றிய முள்ளை எந்த மீனும் தொடாது, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பார்த்து உருவிவிடுங்கள். மீன் இழுத்த உடனே கம்பைத் தூக்காதீர்கள். அது திரும்பட்டும், நூல் இறுகட்டும்.

இங்கே பிடித்த சால்மனைத் திரும்ப விட்டேயாக வேண்டும், சட்டம் அது. மெல்லிய நரம்பில் மீனை விளையாட்டுக் காட்டுவது இந்த ஆற்றில் கொடுமை. 15 பவுண்டு நரம்பு போட்டு, சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, எதிர்க்கொக்கி இல்லாத முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றுங்கள். தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்க, அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்தால் செவுள் மூடித் திறப்பது கைக்குத் தெரியும். அது சீராகி, வால் தானாக உதறும்வரை விடக் கூடாது. களைத்த மீன் நீந்திப் போய், சில மணி நேரம் கழித்துச் செத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. முடிச்சு இறுக்க நரம்பை வாயில் வைத்து எச்சிலால் நனைப்போம் அல்லவா? இங்கே வேண்டாம், குடிதண்ணீர் பாட்டிலில் நனையுங்கள். கையில் கீறல் இருந்தால் கட்டுப் போடுங்கள். எலிக்காய்ச்சல் பிரிட்டன் ஆறுகளிலும் வரும்.

மாதம் கேட்டால் ஏப்ரல் என்பேன். ஜூலை, ஆகஸ்டில் இந்த நதிக்கு அனுமதிச் சீட்டு வாங்குவது காசைக் கரைப்பது. அப்போதும் வருவதென்றால் மீனுக்காக வராதீர்கள், ஆற்றைக் கவனிக்க வாருங்கள். செத்த மீனோ, நாற்றமோ, குழாயிலிருந்து கலங்கல் நீரோ கண்ணில் பட்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்து, படமெடுத்து, உடனே புகார் சொல்லுங்கள். கீழ்ப்பகுதியில் நதியே எல்லை. நிற்பது வேல்ஸ் கரையா, இங்கிலாந்துக் கரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், புகாருக்கான அலுவலகம் வேறு வேறு.