முற்றத்து அம்பாசிடரும் தலைநகர்ச் சாலையும்

முதலமடையில் மாங்காய் வரத்து தை மாதத்திலேயே தொடங்கிவிடும். பிற ஊர்த் தோப்புகள் பூத்து நிற்கும் வேளையில் இங்கிருந்து வடநாட்டுச் சந்தைகளுக்குச் சரக்கு புறப்படும். எனவே பங்குனி, சித்திரை மாதங்களில் கையில் சிறிது பணத்துடனும் மனத்தில் ஒரு திட்டத்துடனும் வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைக்கு வருவது வழக்கம். அவ்வாறு வந்த தோப்பு உரிமையாளர் ஒருவர் என் மேசைமீது ஒரு நிழற்படத்தை வைத்தார். கீற்றுக் கொட்டகையின் கீழே, நான்கு சக்கரங்களும் காற்றிழந்து, கூரைமேல் சருகு மூடி நின்றது 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2. முன்புறத் தகட்டில் ‘கேஎல்பி’ என்னும் பழைய பாலக்காட்டுப் பதிவெண். வண்டி அவருடைய தந்தையாருடையது. தந்தையார் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அன்று நின்ற வண்டி இன்றுவரை நகரவில்லை.

அவர் மூன்று கேள்விகளைக் கேட்டார். வண்டியைப் புதுப்பிக்க 3 லட்சம் ரூபாய் கடன் கிடைக்குமா என்பது முதலாவது. குருகிராமில் பணிபுரியும் மகன் அதைத் தன்னிடம் கொண்டுசென்று வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான், அது இயலுமா என்பது இரண்டாவது. எழுந்து புறப்படும்போது போகிறபோக்கில் கேட்டது மூன்றாவது: வண்டி இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது, அதனால் ஒன்றும் இல்லையே, சார்?

விடை சொல்ல வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழானது. இத்தகைய வண்டியை வீட்டில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இப்பகுதியில் பலர் இருப்பதால், அன்று அவரிடம் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

உரிமையாளர் இறந்தால், வண்டியைத் தம் வசம் வைத்திருக்கும் வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வாயிலாக உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றும், பிற வாரிசுகளின் ஒப்புதலும் அதனுடன் சேர வேண்டும். தாமதமாகிவிட்டது என்பதற்காக உரிமை பறிபோவதில்லை. ஆனால் உரிமை மாறாத வண்டிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும், சட்டத்தின் பார்வையில், எல்லா வாரிசுகளுக்கும் பொதுவான பொருளில் இட்ட ரூபாய். இன்று இரும்பு விலைகூடப் பெறாது என்று தங்கையர் நினைக்கும் வண்டி, புதுப்பித்து நிறுத்தியபின் வேறு கண்ணுடன் பார்க்கப்படும். அசையாச் சொத்தில் மட்டுமே பாகப்பிரச்சினை எழும் என எண்ணுவோர், வங்கி லாக்கர்களைத் திறக்கும் நாளில் எங்களுடன் ஒருமுறை நிற்க வேண்டும்.

வரி நிலுவை அடுத்தது. கேரளத்தில், வண்டி பயன்பாட்டில் இல்லை என ‘ஜி’ படிவத்தின் மூலம் முன்கூட்டியே தெரிவித்தால் அக்காலத்துக்கு வரி விலக்குப் பெற வழியுண்டு. தெரிவிக்காமல் கொட்டகையில் நிறுத்திவைத்தால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். அதற்கும் மேலாக, 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிகளுக்கான வரியை மாநில அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 50 சதவீதம் உயர்த்தியது. 20 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கியது. மேலும், கேஎல்பி காலத்துப் பதிவுகள் பல கணினியில் ஏற்றப்படாமல் பேரேட்டிலேயே இருக்கக்கூடும். அவற்றை முதலில் ஏற்றினாலன்றி இணையத்தில் எந்த விண்ணப்பமும் நகராது. பட்டறைக்குப் போகும் முன்பு சித்தூர் வாகன அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது இதனாலேயே நல்லது.

இனி மகனுடைய ஆசைக்கு வருவோம். குருகிராம் அரியானா மாநிலத்தில் இருந்தாலும் தேசியத் தலைநகர்ப் பகுதிக்குள் அடங்கியது. அப்பகுதியின் காற்று மாசு குறித்து, எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கு முதல் நீதிமன்றங்கள் தொடர்ந்து ஆணையிட்டு வருகின்றன. 15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாதென 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 2015 ஏப்ரலில் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29 அன்று இதனை உறுதிசெய்தது. வயது கடந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் மறுக்கும் முயற்சி 2025 ஜூலை முதல் நாள் தில்லியில் தொடங்கிச் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை கூடாதென்றது; அப்பாதுகாப்பு பிஎஸ் 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கே என டிசம்பரில் வரையறுத்தது. எந்தத் தரமும் வகுக்கப்படாத காலத்தில் உருவான 1972 அம்பாசிடருக்கு இதில் இடமில்லை.

ஆனால் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென ஒரு தனி வழி உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு நிறைந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விஏ’ வரிசையில் பதியலாம். பழைய பதிவெண் இருப்பின் அதையே தக்கவைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் வண்டி தன் பழைய வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதைக் கேட்டதும் வாடிக்கையாளர் முகம் மலர்ந்தது. அடுத்த நிபந்தனையையும் உடனே சொல்ல வேண்டியதாயிற்று. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்காலக் கார்ப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே அது சாலைக்கு வரலாம். மகன் ஞாயிறுதோறும் அதில் கடைவீதிக்குப் போக முடியாது.

என் கருத்தில் இந்தக் கட்டுரையின் மையம் இதுவே. தலைநகரில், சாலையை முற்றிலும் இழந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு ஓரளவு உயிர் கொடுக்கிறது. முதலமடையில் அதே பதிவு காலில் கட்டிய சங்கிலி. இங்கே வயதுத் தடை இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நாள்தோறும் போய்வரலாம். எனவே வண்டி எங்கே வாழப்போகிறது என்பதை முடிவு செய்த பிறகே எந்தப் பதிவு என்பதை முடிவு செய்ய வேண்டும். பெருமைக்காக விஏ எண் வாங்கி, பிறகு தோப்புக்குக்கூட ஓட்ட முடியாமல் தவிப்பதில் பொருளில்லை.

இங்கே தடையே வராது என்றும் உறுதி கூற இயலாது. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, திருவனந்தபுரம், கொச்சி உள்ளிட்ட ஆறு கேரள நகரங்களில், 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தடுத்து ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் அதை நிறுத்திவைத்தது. பாலக்காடு அந்தப் பட்டியலில் இல்லை. பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தும் வழக்கம் ஒரு காலத்தில் அம்பாசிடர் உரிமையாளர்களிடையே பரவலாக இருந்தது. அவ்வாறு மாற்றியவர்கள் இருவகையிலும் இழப்பர்: விண்டேஜ் தகுதி போகும், டீசல் வண்டிக்குரிய கடுமையும் வந்து சேரும்.

இலண்டனில் வாழும் நம் உறவினர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே மிகக்குறை மாசு மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ போன்ற வெளிப்பகுதிகளையும் சேர்த்து நகரம் முழுவதும் விரிந்தது. தரம் எட்டாத கார் ஒரு நாள் ஓடினால் 12.50 பவுண்டு. ஆயினும் 40 ஆண்டு கடந்து, வரலாற்று வாகனம் என்னும் வரிப்பிரிவில் பதிவான காருக்கு அக்கட்டணம் இல்லை. அன்றாட ஓட்டத்துக்கும் தடையில்லை. எண்ணிக்கையில் மிகச் சிலவான இவ்வண்டிகளால் காற்று கெட்டுவிடாது என்பது அவர்களின் கணக்கு. நம் விதி வகுத்தோர் வண்டியை அருங்காட்சியகப் பொருளாகக் கண்டனர்.

மாசு பற்றிய கவலை வீணானதன்று. அம்பாசிடர் மார்க் 2இன் 1489 சிசி எஞ்சினில் கார்புரேட்டர் உண்டு, புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி கிடையாது. புதிய பெட்ரோல் கார்களில் அக்கருவி நான்கு பெருநகரங்களில் கட்டாயமானதே 1995இல்தான். பழைய நான்குசக்கரப் பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி உண்டு. நன்கு சீர்செய்த எஞ்சின் இந்த அளவுக்குள் நிற்கும். நிற்கவில்லையெனில் கார்புரேட்டரிலோ பிஸ்டன் ரிங்கிலோ கோளாறு என்று பொருள். சோதனை நிலையத்தில் ‘பார்த்துப் போடச்’ சொல்வது தீர்வாகாது.

எரிபொருளும் மாறிவிட்டது. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியுடன் நாடு முழுவதும் நின்றது. ஈயத்தை நம்பி வடிவமைத்த வால்வ் சீட்டுகள் அது இன்றித் தேயும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட்டுகளைப் பொருத்திவிடுவது சிக்கனம். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே எங்கும் கிடைக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்து வெடிக்கச் செய்யும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் நெல்லியாம்பதி அடிவாரத்து மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். இவற்றை மாற்றும் செலவு சிறிது. மாற்றாமல் ஓட்டி, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்தால் வரும் கேடு பெரிது.

பட்டறை வேலையில் பலர் செய்யும் தவறு, பெயிண்டிலிருந்து தொடங்குவது. பிரேக், ஸ்டியரிங், அடித்தகடு, வயரிங், எஞ்சின், அதன் பின்னரே டிங்கரிங், பெயிண்ட். சிறு காந்தத்தை உடற்கூட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பழைய உதிரிபாகங்களுக்குக் கோவை உக்கடம் நமக்கு அருகில் உள்ளது. அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தையும் அப்பயணத்தில் பார்த்துவரலாம். பழைய வடிவம் என்பதன் பொருள் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். விண்டேஜாகப் பதிவான காருக்கு அதில் பாதித் தள்ளுபடி உண்டு. வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு வேண்டுமெனில் மதிப்பை நிறுவனத்துடன் பேசி எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டறை ரசீதுகளும் தேதியிட்ட நிழற்படங்களும் அப்பேச்சில் உங்கள் சார்பில் நிற்கும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத செலவு, கணக்கில் இல்லாத செலவு.

கடைசியாகக் கடன். வாகனக் கடனுக்கு வண்டியே ஈடு. சந்தை மதிப்பை நிறுவ இயலாத ஐம்பது வயது வண்டியை ஈடாக ஏற்க இயலாது என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, கிசான் கடன் அட்டையில் இன்னும் எடுக்காத வரம்பு இருக்கிறதே என்றார். அந்தக் கணக்கில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, உரிய நாளில் திருப்பினால் 3 சதவீதம் கழிவு. ஆசை எழுவது இயல்புதான். ஆனால் அது பயிருக்கான பணம். வேறு பயனுக்குத் திருப்பினால் வட்டிச் சலுகை போகும். அதைவிடவும், பூ உதிர்ந்த ஆண்டில் மருந்தடிக்கக் கையில் ஒன்றும் இராது. கொட்டகையில் நிற்கும் வண்டிக்காகத் தோப்பைப் பட்டினி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை அதிகாரி என்னும் முறையில் மட்டுமன்றி, ஊரறிந்தவன் என்னும் முறையிலும் கூறினேன்.

தனிநபர் கடன் ஒரு வழி. எடுத்துக்காட்டாக 3 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 36 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 9,964 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 58,700 ரூபாய். பட்டறை வேலை ஒரே மாதத்தில் முடிவதில்லை. பணமோ முதல் நாளே வட்டியுடன் கைக்கு வந்துவிடும். அதனினும் ஒவ்வொரு மாம்பருவ வருவாயிலும் ஒரு பகுதியைத் தொடர் வைப்பில் இட்டு, ஒவ்வொரு கட்ட வேலையையும் அதிலிருந்து செய்வதே மேல் என்றேன். விற்றால் லாபம் வருமே என்று அவர் வாதிட்டிருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்பேன். அவர் விற்பதற்காகக் கேட்கவில்லை. அம்மாவைக் காச்சாங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு அந்த வண்டியிலேயே ஒருமுறை அழைத்துப்போக வேண்டும் என்றார்.

குருகிராம் எண்ணம் அன்றே கைவிடப்பட்டது. மகனிடம் தொலைபேசியில் விளக்கியபோது முதலில் வருந்தினாராம். பிறகு, ஊருக்கு வரும்போது ஓட்டிக்கொள்கிறேன், சாதாரணப் பதிவே போதும் என்றாராம். சென்ற வாரம் வாடிக்கையாளர் மறுபடியும் கிளைக்கு வந்தார். தங்கையர் இருவரும் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதங்களும் நிரப்பிய படிவம் 31உம் அவர் பையில் இருந்தன. தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டு, சித்தூர் பேருந்தைப் பிடிக்க விரைந்தார்.